உயிர் காக்கும் பொம்மை செய்தவர்

உலகத்திலேயே மிக அதிகமான பேர் வாயோடு வாய் வைத்து ஊதிய முகம் எது தெரியுமா?

அது ஒரு ராணியின் முகம் அல்ல. சினிமா நட்சத்திரத்தின் முகமும் அல்ல. அது ஒரு பொம்மையின் முகம்!

அந்தப் பொம்மையின் பெயர் ஆன். கண்களை மூடிப் படுத்திருப்பாள். பேச மாட்டாள், அசைய மாட்டாள். ஆனால், மூச்சு நின்றுபோன மனிதனைப் பிழைக்க வைப்பது எப்படி என்று கோடிக்கணக்கான ஜனங்களுக்குக் கற்றுக் கொடுத்தவள் அவள்தான்.

அவளைச் செய்தவர் டாக்டர் அல்ல. விஞ்ஞானியும் அல்ல. குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்து விற்ற ஒரு வியாபாரி. அவர் பெயர் ஆஸ்முண்ட் லேர்டால்.

வாழ்த்து அட்டை வியாபாரம்

ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிறது நார்வே நாடு. மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நெடுந்தூரம் உள்ளே ஓடும். ஓரத்தில் சின்னச் சின்ன கிராமங்கள். ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் வெகு தூரம். தீவுகளில் இருப்பவர்களுக்குப் படகுதான் வண்டி.

இந்த நாட்டின் தென்மேற்குக் கரையில் உள்ள ஊர் ஸ்டாவாங்கர். மீனை டப்பாவில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்புவதில் பெயர் பெற்ற ஊர். 1913-ம் ஆண்டில் பிறந்த லேர்டால், இங்கேதான் தொழில் தொடங்கினார்.

அவர் தொழில் தொடங்கிய ஆண்டு 1940. அதே ஆண்டு ஏப்ரல் மாதம் ஜெர்மன் படைகள் நார்வேக்குள் புகுந்தன. 5 ஆண்டுகள் நாடு அவர்கள் பிடியில் இருந்தது. அந்தக் கஷ்ட காலத்தில், வாழ்த்து அட்டைகளையும் குழந்தைகளுக்கான புத்தகங்களையும் அச்சிட்டு விற்றார் லேர்டால். பிறகு மரத்தால் விளையாட்டுச் சாமான்கள் செய்தார்.

யுத்தம் முடிந்தது. பிளாஸ்டிக் என்ற புதுப் பொருள் பரவத் தொடங்கியது. லேர்டால் அதை விடவில்லை. மெத்தென்ற பிளாஸ்டிக்கில் சின்னக் கார்கள் செய்தார். தரையில் உரசினாலும் கீறல் விழாது. "டோம்டே" கார் என்று அதற்குப் பெயர். பல நாடுகளில் விற்பனை ஆயிற்று.

அடுத்து ஒரு பொம்மை செய்தார். படுக்க வைத்தால் கண்ணை மூடித் தூங்கும். தலைமயிரைச் சீவி விடலாம். சிறுமிகள் அதைக் கண்டு துள்ளிக் குதித்தார்கள். அந்தப் பொம்மைக்கும் ஆன் என்றுதான் பெயர்.

பொம்மை வியாபாரம் செழித்தது. அதோடு நின்றிருந்தால் இன்று அவரை யாருக்கும் நினைவு இருக்காது.

தண்ணீரில் விழுந்த மகன்

லேர்டாலுக்கு டோரே என்று ஒரு மகன். அவனுக்கு அப்போது 2 வயது.

ஒரு நாள் குழந்தை தண்ணீரில் விழுந்துவிட்டான். தகப்பனார் ஓடினார். தூக்கினார். குழந்தை துவண்டு கிடந்தான். மூச்சு இல்லை!

லேர்டால் குழந்தையைப் பிடித்து அழுத்தினார். உள்ளே போயிருந்த தண்ணீர் வெளியே வந்தது. குழந்தை மூச்சு விட்டான். பிழைத்தான்.

பெற்ற பிள்ளையை எமன் வாயிலிருந்து மீட்ட தகப்பனுக்கு அந்த நாள் மறக்குமா? லேர்டாலுக்கு மறக்கவில்லை.

அவர் தொழிலுக்கும் இதற்கும் ஏற்கெனவே ஒரு தொடர்பு உண்டாகியிருந்தது. முதலுதவி சொல்லித் தருகிறவர்களுக்காக, மெத்தென்ற பிளாஸ்டிக்கில் பொய்க் காயங்கள் செய்து கொடுத்தார் லேர்டால். கையில் ஒட்டினால் நிஜமான வெட்டுக் காயம் போலவே தெரியும். அதைப் பார்த்துக் கட்டுப் போடப் பழகுவார்கள்.

காயத்துக்குக் கட்டுப் போடலாம். மூச்சு நின்றவனுக்கு என்ன செய்வது?

முதுகை அழுத்தும் வித்தை

அந்தக் காலத்தில் மூச்சு நின்றவனைக் குப்புறப் போடுவார்கள். முதுகை அழுத்துவார்கள். பிறகு முழங்கைகளைப் பிடித்து மேலே தூக்குவார்கள். மறுபடி அழுத்துவார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஹோல்கர் நீல்சன் என்ற ராணுவ அதிகாரி 1932-ம் ஆண்டில் வெளியிட்ட முறை இது. பல நாடுகளில் இதையே சொல்லிக் கொடுத்தார்கள்.

பார்ப்பதற்கு ஏதோ பெரிய வேலை நடப்பது போல இருக்கும். ஆனால் உள்ளே காற்று போயிற்றா? அதை யாரும் சரியாக அளந்து பார்க்கவில்லை.

அளந்து பார்த்தவர் டாக்டர் பீட்டர் சஃபார். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் 1924-ம் ஆண்டில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய் மயக்க மருந்து டாக்டராக வேலை பார்த்தார். ஜேம்ஸ் ஈலம் என்ற டாக்டரை 1956-ம் ஆண்டில் சந்தித்தார். மூச்சு நின்ற நோயாளிகளுக்கு வாயோடு வாய் வைத்து ஊதி, அந்தக் காற்றே போதும் என்று காட்டியிருந்தவர் ஈலம்.

சஃபார் அதை முழுதாக நிரூபிக்க விரும்பினார். பால்டிமோர் நகரில் ஒரு சோதனை நடத்தினார். துணிச்சலான சோதனை! தாமாக முன்வந்தவர்களுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். பிறகு உடம்பின் தசைகளை இயங்காமல் செய்யும் இன்னொரு மருந்தும் கொடுத்தார்கள். அவர்களால் தாமாக மூச்சு விட முடியாது. வேறொருவர் மூச்சுக் கொடுத்தால்தான் உண்டு.

முதுகை அழுத்தும் முறையைச் செய்து பார்த்தார்கள். போதிய காற்று போகவில்லை. வாயோடு வாய் வைத்து ஊதினார்கள். நெஞ்சு நன்றாக உயர்ந்தது. ஊதியவர்களில் வைத்தியம் படிக்காத சாதாரண ஜனங்களும் இருந்தார்கள்.

காரணமும் தெரிந்தது. நினைவு இழந்தவனின் நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக் கொள்கிறது. மோவாயை உயர்த்தித் தலையைப் பின்னால் சாய்த்தால் வழி திறக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்! இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் எத்தனை உயிர் போயிருக்கும்!

டாக்டர் கொண்டுவந்த செய்தி

1958-ம் ஆண்டில் நார்வேயில் மயக்க மருந்து டாக்டர்களின் மகாநாடு ஒன்று நடந்தது. சஃபார் கண்டுபிடித்ததைப் பற்றி அங்கே பேச்சு வந்தது. ஸ்டாவாங்கர் ஆஸ்பத்திரி டாக்டர் பியோர்ன் லிண்ட் அதைக் கேட்டார். ஊர் திரும்பியதும் லேர்டாலிடம் விஷயத்தைச் சொன்னார்.

முறை நல்ல முறை. ஆனால் அதை ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது எப்படி? எல்லோருக்கும் மருந்து கொடுத்து மூச்சை நிறுத்தி வைக்க முடியுமா? உயிரோடு இருக்கும் ஒருவர் வாயில் இன்னொருவர் ஊதிப் பழகுவது வெட்கமான காரியம். நோய் தொற்றவும் கூடும். படத்தைக் காட்டினால் புரியும். கைக்குப் பழக்கம் வராது.

ஆகவே ஒரு பொம்மை வேண்டும். ஆள் அளவு இருக்க வேண்டும். உள்ளே காற்றுப்பை இருக்க வேண்டும். சரியாகச் செய்தால் நெஞ்சு உயர வேண்டும். தவறாகச் செய்தால் உயரக் கூடாது.

மெத்தென்ற பிளாஸ்டிக்கில் பொம்மை செய்யும் வித்தை லேர்டாலுக்குக் கைவந்த வித்தை. சஃபாரோடு தொடர்பு கொண்டார். லிண்ட் பக்கத்தில் இருந்து யோசனை சொன்னார். வேலை தொடங்கியது.

சுவரில் இருந்த முகம்

பொம்மைக்கு எந்த முகம் வைப்பது?

ஆண் பொம்மையாக இருந்தால், ஆண்கள் அதன் வாயில் வாய் வைக்கக் கூச்சப்படுவார்கள் என்று லேர்டால் நினைத்தார். பெண் முகமே நல்லது என்று தீர்மானித்தார். பயமுறுத்தாத, அமைதியான முகமாக இருக்க வேண்டும்.

அப்போது அவருக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. உறவினர் வீட்டுச் சுவரில் தொங்கிய ஓர் இளம் பெண்ணின் முகம். கண்கள் மூடி இருக்கும். உதட்டில் மெல்லிய புன்னகை இருக்கும்.

அந்த முகத்துக்கு ஒரு சோகக் கதை உண்டு. பிரான்ஸ் தேசத்தின் பாரிஸ் நகரில், 19-ம் நூற்றாண்டின் கடைசியில், சேன் ஆற்றில் ஒரு பெண் பிணமாக மிதந்தாளாம். தேடி வந்தவர்கள் யாரும் இல்லை. பெயரும் தெரியவில்லை. அவள் முகத்தின் அழகைப் பார்த்து, மாவு பூசி அச்சு எடுத்தார்களாம். அந்த முகத்தை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டுவது ஐரோப்பாவில் வழக்கமாகப் போயிற்று.

கதை உண்மைதானா? பலர் நம்புவதில்லை. நீரில் மூழ்கி இறந்தவரின் முகம் இவ்வளவு தெளிவாக இருக்காது என்கிறார்கள். உயிரோடு இருந்த யாரோ ஒரு பெண்ணின் முகம்தான் அது என்பவர்களும் உண்டு.

எப்படி இருந்தாலும், சிற்பி ஒருவரைக் கொண்டு அதே சாயலில் முகம் செய்வித்தார் லேர்டால். காப்பாற்ற ஆள் இல்லாமல் இறந்தாள் என்று கதை சொல்லும் பெண்ணின் முகம், மற்றவர்களைக் காப்பாற்றக் கற்றுக் கொடுக்கும் முகமாக மாறியது!

1960-ம் ஆண்டில் பொம்மை வெளியே வந்தது. குழந்தைகள் வைத்து விளையாடிய பொம்மையின் பெயரையே இதற்கும் வைத்தார்: ஆன்.

ஆனின் சிறப்பு அவள் கழுத்தில் இருந்தது. தலையைப் பின்னால் சாய்க்காமல் என்னதான் மூச்சுக் கட்டி ஊதினாலும் காற்று உள்ளே போகாது. சாய்த்து ஊதினால் நெஞ்சு மேலே எழும். வாத்தியார் சொல்ல வேண்டியதே இல்லை. சரியா தப்பா என்று பொம்மையே சொல்லிவிடும். பெட்டியில் மடித்து வைத்து, எந்தக் கிராமத்துக்கும் தூக்கிப் போகலாம்.

இரண்டு கைகள் போதும்

அதே 1960-ம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது.

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே கூவன்ஹோவன் என்ற மின்சார எஞ்சினீயர், நின்றுபோன இதயத்தை மின்சாரத்தால் இயக்க முடியுமா என்று நாய்களை வைத்து ஆராய்ந்து கொண்டிருந்தார். அவரோடு வேலை செய்த நிக்கர்பாக்கர் என்ற வாலிபர் ஒன்றைக் கவனித்தார். மின்சாரத் தகட்டை நாயின் நெஞ்சில் அழுத்தி வைக்கும்போதே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன்பே!

அப்படியானால் நெஞ்சை அழுத்தினாலே ரத்தம் ஓடுகிறது! ஜூட் என்ற டாக்டரும் சேர்ந்தார். மனிதர்களிடமும் இது பலித்தது. அதுவரை இதயம் நின்றால் நெஞ்சைக் கிழித்துத் திறந்து, இதயத்தைக் கையில் பிடித்துப் பிசைவார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே அது நடக்கிற காரியமா? இனி கத்தி வேண்டாம், கருவி வேண்டாம் என்று ஆயிற்று.

ஊதுவதையும் அழுத்துவதையும் ஒன்றாகச் சேர்த்தார் சஃபார். சி.பி.ஆர். என்று இன்று எல்லோரும் சொல்லும் முதலுதவி இப்படித்தான் பிறந்தது.

பொம்மையின் நெஞ்சில் ஒரு ஸ்பிரிங் வைக்கும்படி லேர்டாலுக்கு யோசனை சொன்னார் சஃபார். லேர்டால் வைத்தார். இனி ஆன் இரண்டு பாடமும் நடத்தினாள்.

பள்ளிக்கூடத்தில் ஆன்

1961-ம் ஆண்டில் ஸ்டாவாங்கரில் பல நாட்டு டாக்டர்கள் கூடினார்கள். இந்தப் புது முறையை உலகம் முழுவதும் பரப்புவது எப்படி என்று ஆலோசித்தார்கள்.

டாக்டர் லிண்ட் அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் போயிருந்தார். சிறு பிள்ளைகளால் இது முடியுமா என்று சிலருக்குச் சந்தேகம். பொம்மையில் பழகிய பிள்ளைகள் நன்றாகச் செய்து காட்டினார்கள். நார்வே நாட்டுச் சேமிப்பு வங்கிகள் பொம்மைகளை வாங்கிப் பள்ளிக்கூடங்களுக்கு நன்கொடையாகக் கொடுத்தன. தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகளும் ஆனைப் பார்த்தார்கள், பழகினார்கள்.

இன்று அதன் பலனை நார்வே அனுபவிக்கிறது. ஒருவர் திடீரென்று விழுந்தால், பக்கத்தில் இருப்பவர் கைகட்டி வேடிக்கை பார்ப்பதில்லை. உடனே முழங்காலிட்டு அழுத்தத் தொடங்குகிறார். இதில் உலகத்தில் முன்வரிசையில் நிற்கும் நாடுகளில் நார்வேயும் ஒன்று.

பெரியவர்களுக்கும் பாடம்

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு? வயல்வெளியில் இருப்பவர்களுக்கு?

சஃபாருக்கு இது சொந்த வேதனையாகவும் ஆயிற்று. 1966-ம் ஆண்டில் அவருடைய மகள் எலிசபெத் ஆஸ்துமா முற்றி இறந்து போனாள். சிறுமி! ஊருக்கெல்லாம் மூச்சுக் கொடுக்கும் முறையைச் சொன்னவரின் வீட்டிலேயே இந்தத் துயரம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரை என்ன நடக்கிறது என்பதில் அவர் தம் கவனத்தைத் திருப்பினார். 1967-ம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில், வேலை இல்லாமல் இருந்த நீக்ரோ வகுப்பு ஏழைகள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களில் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்களும் அவர்களில் உண்டு. ஆம்புலன்சில் போய் உயிர் காக்கும் வேலையில் அவர்கள் பெயர் எடுத்தார்கள். படிப்பு குறைவு என்பது இந்த வித்தைக்குத் தடை அல்ல என்று அவர்கள் காட்டினார்கள்.

வாத்தியார் இல்லாத இடத்துக்கும் வழி தேடினார்கள். 1970-க்குப் பிறகு, டேப் ரிக்கார்டர் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டே பொம்மையில் பழகும் முறையைச் சஃபாரும் அவர் நண்பர்களும் சோதித்தார்கள். படிக்கத் தெரியாதவரும் கேட்டுச் செய்யலாம். லேர்டாலின் தொழிற்சாலையும் சும்மா இருக்கவில்லை. எத்தனை முறை ஊதினார், எவ்வளவு ஆழம் அழுத்தினார் என்று காகிதச் சுருளில் கோடு போட்டுக் காட்டும் பொம்மையைச் செய்தது.

ஆன் நடத்தும் பாடம்

அந்தப் பாடம் என்ன? இன்று சொல்லித் தரப்படுவது இதுதான்.

ஒருவர் நினைவு இழந்து கிடந்தால் தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் நேரம் கடத்தக் கூடாது. பக்கத்தில் இருப்பவரை ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொல்ல வேண்டும். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். நெஞ்சின் நடுவில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 2 அங்குலம், நெஞ்சு கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு மேலே எழும்பி வர விட வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை.

பழகியவர்கள் 30 முறை அழுத்தி, தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து 2 முறை ஊதுவார்கள். ஊதத் தெரியாதவர்கள் அழுத்திக் கொண்டே இருந்தாலும் பலன் உண்டு. ஆனால் தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சுக் கொடுப்பது மிகவும் அவசியம். இதயம் நின்று சில நிமிஷங்களிலேயே மூளை கெடத் தொடங்கிவிடும். ஆகவே, உதவி வந்து சேரும் வரை கை ஓயக் கூடாது.

படித்தால் மட்டும் போதாது. பொம்மையில் ஒரு தடவையாவது கை வைத்துப் பழக வேண்டும். லேர்டால் பொம்மை செய்ததே அதற்காகத்தான்.

கடைசிக் காலம்

விளையாட்டுச் சாமான்கள் செய்த தொழிற்சாலை, கொஞ்சம் கொஞ்சமாக உயிர் காக்கும் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையாக மாறியது. 1980-ம் ஆண்டில், இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு உதவ ஓர் அறநிலையத்தை ஏற்படுத்தினார் லேர்டால். மறு ஆண்டே, 1981-ம் ஆண்டில், அவர் காலமானார்.

அவருக்குப் பிறகு தொழிலை ஏற்று நடத்தியவர் யார் தெரியுமா? டோரே! தண்ணீரில் விழுந்து, தகப்பனார் கையால் உயிர் பிழைத்த அதே மகன்.

கிராமத்து மருத்துவச்சியின் கையில்

மகன் காலத்தில் இன்னொரு பொம்மை வந்தது. இது பிறந்த குழந்தை அளவு. உள்ளே தண்ணீர் ஊற்றினால் நிஜக் குழந்தை போலவே கனக்கும். விலை குறைவு. ஏழை நாட்டுக் கிராமங்களுக்காகச் செய்தது.

பிறந்ததும் சில குழந்தைகள் அழுவதில்லை, மூச்சு விடுவதில்லை. உடனே உடம்பைத் துடைத்து, முதுகைத் தேய்த்து விட வேண்டும். அப்படியும் மூச்சு வராவிட்டால், முதல் ஒரு நிமிஷத்துக்குள்ளேயே பையும் முகமூடியும் வைத்துக் காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். இதை மருத்துவச்சிகளுக்குச் சொல்லித் தரும் திட்டம் 2010-ம் ஆண்டில் தொடங்கியது. அந்தச் சின்னப் பொம்மைதான் பாடப் புத்தகம்.

ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியா நாட்டில் 8 ஆஸ்பத்திரிகளில் இந்தப் பயிற்சி கொடுத்துக் கணக்கு எடுத்தார்கள். 2013-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது!

அந்தத் தாய்மார்களில் எத்தனை பேர் ஆஸ்முண்ட் லேர்டாலின் பெயரைக் கேட்டிருப்பார்கள்? ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் மடியில் குழந்தை அழுகிறது, பால் குடிக்கிறது.

பொம்மை வியாபாரி சம்பாதித்த பெரிய சொத்து அதுதான்.